சம்பந்தி போட்ட முப்பத்தொரு ஓட்டை

பிரிக்பீல்ட்ஸ்
12 நவம்பர் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். ரட்டர் மட்டும் சௌக்கியமாக இல்லை.

கடிதமா என்று சிரிக்காதீர்கள். போனில் பேசலாம் என்றால், முப்பது வருஷம் அலுமினியம் அறுத்த உங்கள் காதுக்கு நான் கத்த வேண்டியிருக்கிறது. கத்தினால் திட்டுகிறேன் என்று நினைக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன வாரம் நீங்கள் எனக்கு எழுதியது ‘கிஷன் – மலர் கல்யாணம்’ குரூப்பில் போய் விழுந்து அறுபத்து நான்கு சொந்தக்காரர்கள் படித்தாயிற்று. ஈப்போ பெரியம்மா இன்னும் என்னிடம், “ரட்டர்னா யாரு, புதுசா வந்த மருமகளா?” என்று கேட்கிறார். அதனால் உங்கள் மகன் கிஷன் கையில் இந்தக் கடிதம். அவருக்கும் மலருக்கும் நடுவில் நம் சண்டை புகுந்துவிடக் கூடாது, அதுவும் ஒரு காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கட்டும் விமானத்தின் வாலில் நிமிர்ந்து நின்று திசை திருப்பும் தகடுதான் ரட்டர். அதை உங்களிடம் நம்பிக் கொடுத்தேன். கிள்ளானில் உங்கள் கடையில் இருப்பதைப் போலத் தகடு மடிக்கும் மெஷின் எங்கள் யாரிடமும் இல்லை. மடிப்பு அழகாக வந்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நூற்று எண்பத்தெட்டுத் துளைகளில் முப்பத்தொன்று தப்பு. ரிவெட்டை உள்ளே விட்டால் லொடலொடவென்று ஆடுகிறது. காலிப்பர் வைத்து அளந்து பார்த்தேன், மூன்றரை மில்லி.

3.2 ரிவெட்டுக்குச் சரியாக 3.2 துளை போட்டால் ரிவெட் நுழையாது, உங்களுக்கே தெரியும். ஒரு மயிரிழை அதிகம் வேண்டும். அதற்குத்தான் நான் கொடுத்த 30ஆம் எண் டிரில் பிட்; அது போடும் துளை 3.26. மயிரிழைதான் கேட்டேன் சம்பந்தி, நீங்கள் கயிறு அளவுக்கு விட்டிருக்கிறீர்கள். சுத்தியால் அடிக்கும் கெட்டி ரிவெட்டாக இருந்தால் அது பருத்துத் துளையை நிரப்பிக்கொள்ளும். இது பாப் ரிவெட், பின்பக்கம் மட்டும்தான் வீங்கும். துளை பெரிதானால் தகடு காற்றில் உரசி உரசி, துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அப்புறம் என்ன ஆகும் என்று எழுத எனக்கே மனம் வரவில்லை.

இன்னொன்று. விளிம்பிலிருந்து துளைக்கு ஏழு மில்லி என்று விமானத்தின் வரைபடத்தில் போட்டிருக்கிறது. நீங்கள் அதைவிட அதிகம் விட்டிருக்கிறீர்கள். வீணான பாரம்.

ஜனவரி 17 அன்று பினாங்கிலிருந்து பரிசோதகர் வருகிறார். வால் தேறாவிட்டால் அடுத்த முறை அவர் வருவதற்கு அரை வருஷம் ஆகும். என் கூட்டாளிகள் ராதாகிருஷ்ணனும் குருவும் அதுவரை பொறுக்க மாட்டார்கள். ஜொகூரில் ஒருவர் விமானத்தை இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறாராம்.

ரட்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நல்லம்மாள் அண்ணிக்கு என் அன்பு.

உஷாராணி

—

கிள்ளான்
15 நவம்பர் 2025

முருகன் துணை

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை நல்லம்மாள் வாங்கிப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நான் முப்பத்திரண்டு வருஷமாகக் காவடி செய்கிறவன். கதவு, ஜன்னல் எல்லாம் வயிற்றுக்கு. காவடிதான் எனக்குப் பெயர் கொடுத்தது. தைப்பூசத்தன்று பத்துமலையில் போய் நில்லுங்கள். ஆடி வருகிற காவடியைப் பார்த்ததும், “இது கிள்ளான் கமலநாதன் காவடி” என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் ரிவெட் பாடம் எடுக்கிறீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பது இதுதான்.

காவடியில் சட்டத்தை இறுக்கமாகத்தான் அடிப்போம், ஆளின் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் மயில் தகடு, வேல் தகடு எல்லாவற்றுக்கும் மூன்றரைதான். அப்போதுதான் தூக்குகிறவன் ஒரு காலை எடுத்து வைத்தால் தகடு எல்லாம் சிலிர்க்கும். இறுக்கி அடித்தால் காவடி ஆடாது. ஆடாத காவடியை எவன் எடுப்பான்?

விளிம்புக்கு வருகிறேன். ஓட்டையை ஓரத்தில் போட்டால் தகடு கிழிந்து, தூக்குகிறவன் தோளைக் கீறிவிடும். அதனால் நான் எப்போதும் தாராளமாக விடுவேன். அது வீண் என்கிறீர்கள்.

அப்புறம் உங்கள் பிட் கணக்கு. 40ஆம் எண் பிட் சின்னது, 30 அதைவிடப் பெரியது, 20 அதைவிடவும் பெரியது. எண் ஏற ஏற பிட் இளைக்கிறது. இந்தத் தலைகீழ்க் கணக்கை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் எப்படி ஆகாயத்தில் பறந்தான் என்று எனக்கு விளங்கவில்லை.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் எழுதவில்லை.

இப்படிக்கு,
கமலநாதன்

பி.கு: நல்லம்மாள் கொடுத்த நெத்திலி சம்பால் பையில் இருக்கிறது. அது அவள் கொடுத்தது, நான் கொடுக்கவில்லை.

—

பிரிக்பீல்ட்ஸ்
18 நவம்பர் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

சம்பாலுக்கு நன்றி. அண்ணியிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குற்றம் பார்க்காவிட்டால் விமானம் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மூன்று நாளாக யோசித்தேன்.

உங்கள் காவடி ஆட வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. நேற்று கிஷன் வந்தபோது அவர் போனில் பழைய தைப்பூச வீடியோ ஒன்றைக் காட்டினார். உண்மையைச் சொன்னால், அந்தத் தகடுகள் சிலிர்த்ததைப் பார்த்து எனக்கும் சிலிர்த்தது. ஒரு சாதாரண பாப் ரிவெட்டை வைத்து இப்படிச் செய்யலாம் என்று இருபத்தாறு வருஷம் விமான ஹேங்கரில் தகடு வேலை பார்த்த எனக்குத் தெரியாது. ரட்டர் விஷயம் வேறு. அது நான் காலால் மிதித்தால் மட்டும்தான் அசைய வேண்டும்.

கோபம் போன பிறகு ரட்டரை நினைத்துப் பார்த்தேன். நான் துளைகளுக்கு எண் போட்டு வைத்திருந்தேன். முதல் துளையிலிருந்து நூற்று ஐம்பத்தேழு வரை அத்தனையும் சுத்தம். எங்கள் ஹேங்கரில்கூட இவ்வளவு சுத்தமான துளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. 158லிருந்து மூன்றரை. பழக்க தோஷம் என்றால் முதலிலேயே வந்திருக்க வேண்டும். சம்பந்தி, 158இல் என்ன நடந்தது?

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. விமானம் கட்டுகிறவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். எந்தத் தப்பு, ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று அதில் எழுத வேண்டும். காரணம் தெரியாமல் என்னால் எழுத முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுபாங்கில் இருபத்தாறு வருஷம் ஊரார் விமானங்களுக்கு அடிவயிற்றில் ஒட்டுப் போட்டேன். முன் சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்தது கிடையாது. இந்த விமானம் இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். அதற்காகத்தான் இந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அது ஜொகூருக்குப் போய்விட்டால் எனக்குத் தாங்காது.

தயவுசெய்து விளிம்பிலிருந்து அந்த முப்பத்தொரு துளைகளின் மையம் வரை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

உஷாராணி

—

கிள்ளான்
23 நவம்பர் 2025

முருகன் துணை

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஆனைக்கும் அடி சறுக்கும். நான் ஆனை இல்லை, ஆனாலும் சறுக்கியது.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. 157ஆவது ஓட்டை முடிந்தது. பிட் உடைந்தது. நீங்கள் அன்றைக்கே, “இரண்டு பிட் வச்சுக்குங்க சம்பந்தி,” என்று சொன்னீர்கள். “எனக்கு எதுக்கு ரெண்டு, ஒரு பிட்ல ஒம்பது காவடி முடிப்பேன்,” என்று உங்கள் முன்னாலும் கிஷன் முன்னாலும் பெருமை பேசியவன் நான். எந்த முகத்தோடு போன் செய்வேன்?

மறுநாள் கிள்ளானில் நான்கு ஹார்ட்வேர் கடை ஏறினேன். கடைசிக் கடையில் கடைக்காரன் லோகன் இருந்தான். “அண்ணே, நம்பர் தர்ட்டியா? வீட்டு நம்பரா, லோரி நம்பரா? மில்லி சொல்லுங்க லா,” என்றான். அது எத்தனை மில்லி என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எண்தான் சொன்னீர்கள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. பண்டமாரான் வரைக்கும் போய்ப் பார்த்தேன், அங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்து என் மூன்றரை பிட்டைப் போட்டேன். ரிவெட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. போனதும் மனதுக்குள் ஒரு சந்தேகம் வந்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு மீதி முப்பதையும் போட்டேன். அதுதான் தப்பு. ஓட்டை தப்பு என்பதைவிட, சந்தேகம் வந்த பிறகும் போட்டதுதான் தப்பு.

உங்கள் கடிதத்தை நல்லம்மாளிடம் காட்டினேன். “அந்தம்மா உயிர வச்சு ஏறப் போற சாமானுல ஒங்க வீம்ப எதுக்குங்க அடிச்சு வச்சீங்க? இத எழுதாம சோத்துல கைய வைக்காதீங்க,” என்றாள். இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

விளிம்பு அளந்தேன். முப்பத்தொன்றிலும் பத்து மில்லி. ஒன்றில்கூடக் குறைவில்லை.

தகட்டுக்கு ஆகும் செலவு என்னுடையது. வேறு தகடு வாங்கி முதலிலிருந்து மடித்துக் கொடுக்கிறேன். தைப்பூசத்துக்கு ஐந்து காவடி கையில் இருக்கிறது, பரவாயில்லை, உங்களுடையதுதான் முதலில்.

கமலநாதன்

—

பிரிக்பீல்ட்ஸ்
27 நவம்பர் 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பத்து மில்லியா! படித்ததும் எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்து வீட்டு ஆன்டி கதவைத் தட்டி, “என்ன உஷா, லாட்டரியா?” என்று கேட்டார்.

புதுத் தகடு வேண்டாம். துளை பெரிதாகிவிட்டால் அதைவிட ஒரு அளவு பெரிய ரிவெட்டுக்குப் போகலாம். நான்கு மில்லி ரிவெட்டுக்கு 20ஆம் எண் பிட், துளை 4.09. ஆனால் அந்த ரிவெட்டுக்கு விளிம்பிலிருந்து எட்டு மில்லியாவது இருக்க வேண்டும். படத்தில் உள்ளபடி ஏழு மட்டும் விட்டிருந்தால் தகட்டைத் தூக்கிப் போட்டிருப்போம். நீங்கள் பத்து விட்டிருக்கிறீர்கள். ‘வீணான பாரம்’ என்று நான் எழுதிய வரியை அடித்துவிடுங்கள். யாரோ ஒருவர் தோளைக் கீறிவிடக் கூடாது என்று விட்ட இடம் என் ரட்டரைக் காப்பாற்றியிருக்கிறது.

நானாக முடிவு செய்யவில்லை. படம் வரைந்த கம்பெனிக்கு அளவுகளோடு எழுதிக் கேட்டேன். சரி, செய்யலாம் என்று பதில் வந்துவிட்டது.

பையில் 20ஆம் எண் பிட் மூன்று இருக்கிறது. மூன்று! 30ஆம் எண் இரண்டு. மில்லி அளவையும் டப்பா மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன், முன்பே எழுதாதது என் பக்கத்துத் தப்பு. பின்னால் மரக்கட்டை வைத்து, பிட்டை நேராகப் பிடித்து, அவசரப்படாமல் போடுங்கள். பிசிறை எடுத்துவிட்டு ரிவெட் அடியுங்கள். இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஐந்து காவடி கையில் வைத்துக்கொண்டு என் வேலையை முதலில் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் சனிக்கிழமைகளில் நான் ரயில் ஏறி கிள்ளானுக்கு வருகிறேன். நீங்கள் ரட்டர் பாருங்கள், நான் காவடித் தகடுகளுக்குத் துளை போடுகிறேன். மறுக்கக் கூடாது.

இட்லி சாப்பிட்டீர்களா?

உஷாராணி

—

கிள்ளான்
5 ஜனவரி 2026

முருகன் துணை

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ரட்டர் வேனில் வருகிறது. முப்பத்தொன்றும் 20ஆம் எண்ணில் போட்டு, ஒவ்வொன்றையும் நீங்கள் கொடுத்த காலிப்பரால் அளந்து, பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். பிட் ஒன்றுகூட உடையவில்லை. மீதி இரண்டையும் திருப்பி அனுப்பவில்லை, வைத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் விஷயம். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நான்கு சனிக்கிழமை வந்தீர்கள். காலை எட்டு மணிக்கு வந்து, ரோட்டி சானாய்கூடச் சாப்பிடாமல் உட்கார்ந்து, கிஷன் எடுக்கப் போகும் காவடிக்குத் தொண்ணூற்றாறு மயில் தகடுகளை நீங்களே அடித்து முடித்தீர்கள். நான் ரட்டரில் குனிந்திருந்தவன், உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று கிஷன் தோளில் தூக்கி வைத்து ஒத்திகை பார்த்தோம். மேளமும் அடித்தோம். பையன் குதிக்கிறான், சுற்றுகிறான், வேர்த்து ஊற்றுகிறது. தகட்டில் ஓர் அசைவு இல்லை.

நல்லம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “என்னங்க, புள்ள லேம்பு கம்பத்தத் தூக்கிட்டு நிக்கிற மாதிரில இருக்கு,” என்றாள்.

காலிப்பர் வைத்தேன். தொண்ணூற்றாறும் 3.26. ஒன்றுகூடப் பிசகவில்லை. சம்பந்தியம்மா, அந்தக் காவடியை அப்படியே ஆகாயத்தில் விட்டாலும் பறக்கும். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைப் பையன்கள் ஆபத்தோ என்று ஓடி வந்துவிட்டார்கள்.

கவலை வேண்டாம். எல்லா ரிவெட்டையும் எடுத்துவிட்டு மூன்றரை போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எனக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்கிறேன், கணக்கு சரி. 17ஆம் தேதி முடிந்ததும் உடனே எழுதுங்கள். அன்று காலை கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கிறேன். விமானத்துக்கு நட்சத்திரம் என்ன என்று ஐயர் கேட்டார், உங்கள் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேன்.

கமலநாதன்

—

பிரிக்பீல்ட்ஸ்
18 ஜனவரி 2026

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தேறிவிட்டது! தேறிவிட்டது, தேறிவிட்டது!

கிஷன் போனில் சொல்லியிருப்பார். ஆனாலும் முழுதும் நான்தான் எழுத வேண்டும்.

பரிசோதகர் மிஸ்டர் லிம் ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். வாலைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு ரட்டர் முன்னால் நின்று, கட்டை விரலால் ரிவெட் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். 158இல் விரல் நின்றது. “இதுலேர்ந்து ஏன் பெருசு?” என்று கேட்டார். ராதாகிருஷ்ணன் முகம் வெளுத்துவிட்டது. குரு ஜொகூர்காரருக்கே போன் போடப் போகிறவர் மாதிரி போனைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். அதில் கம்பெனி எழுதிய பதில் இருந்தது, உங்கள் பட்டியல் இருந்தது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் உங்கள் நவம்பர் 23 கடிதத்தை ஒட்டி, பக்கத்தில் அதையே இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தேன். எனக்கு அதைவிட நன்றாக எழுத வரவில்லை. தேதி, எத்தனையாவது துளை, எந்த பிட், ஏன் போட்டீர்கள், எல்லாம் அதில் இருக்கிறது.

அவர் உட்கார்ந்து முழுதும் படித்தார். லோகன் கடைக்கு வந்ததும் சிரித்தார். சந்தேகம் வந்த பிறகும் போட்டதுதான் தப்பு என்ற வரியை இரண்டாம் முறை படித்தார், அப்போது சிரிக்கவில்லை. பிறகு சொன்னார்: “தப்பே இல்லாத புத்தகத்தோட வர்றவங்களப் பாத்தாதான் மேடம் எனக்கு பயம். இந்த ஆள் செஞ்சத நான் நம்புவேன்.” கையெழுத்துப் போட்டுவிட்டார். ராதாகிருஷ்ணன் ஜொகூர்காரருக்கு அங்கேயே போன் போட்டு, விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் ஹேங்கர் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் சம்பந்தி. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் கட்டியவர்கள் பெயர் எழுதும் இடம் இருக்கிறது. எங்கள் மூவருக்குக் கீழே உங்கள் பெயரை எழுதிவிட்டேன். நீங்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தைப்பூசம் முடிந்ததும் வாருங்கள், அண்ணியையும் அழைத்து வாருங்கள்.

உஷாராணி

—

கிள்ளான்
4 பிப்ரவரி 2026

முருகன் துணை

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

காவடி ஆடியதை நீங்களே கூட்டத்தில் நின்று பார்த்தீர்கள். நீங்கள் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னீர்கள், மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தேன், அது போதும்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. இட்லி விஷயம் வரை ஒரு பரிசோதகர் படித்துவிட்டாரே என்று முதலில் வெட்கமாக இருந்தது. நல்லம்மாளுக்கோ பெருமை தாங்கவில்லை. “நான் சொன்னது இங்கிலீஷ்ல இருக்கு,” என்று பாசாரில் மீன்காரர் வரைக்கும் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை இருவரும் வருகிறோம். அவளுக்கு அந்தப் பக்கத்தை நேரில் பார்க்க வேண்டுமாம்.

ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. பத்து நாளாக மனதைப் போட்டு அரிக்கிறது. கடிதம் எழுதியபோது அது உங்களுக்கும் எனக்கும் நடுவில் என்று நினைத்தேன். இப்போது அது விமானத்தின் புத்தகத்தில் இருக்கிறது. ‘பிட் உடைந்தது’ என்று எழுதியிருக்கிறேன். அது தானாக உடையவில்லை.

157 முடிந்ததும் ஒரு காவடிக்குக் கொக்கி மாட்ட ஓட்டை போட வேண்டியிருந்தது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். உங்கள் பிட் அலுமினியத்தில் அவ்வளவு இனிமையாக இறங்கிக்கொண்டிருந்தது. இதிலும் இறங்கும் என்ற பேராசையில் கழற்றாமல் அப்படியே வைத்து அழுத்தினேன். படக்கென்று போய்விட்டது. நல்லம்மாளுக்குக்கூடத் தெரியாது.

அதையும் எழுதிவிடுங்கள். இங்கிலீஷிலும் எழுதுங்கள். அந்த விமானத்தில் நீங்கள் ஏறப் போகிறீர்கள் சம்பந்தியம்மா, கூடவே என்னுடைய பொய் எதுவும் ஏற வேண்டாம். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன்.

கமலநாதன்